படித்த பிறகு என்ன?

2020 மே 25 அன்று மினியாபொலிஸ் நகரின் ஒரு தெருவில், ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தை ஒரு போலீஸ்காரர் ஒன்பது நிமிடத்துக்கும் மேலாக முழங்காலால் அழுத்திக் கொன்றார். அந்தப் பக்கமாக வந்த ஒரு பள்ளி மாணவி கைபேசியில் எடுத்த காட்சி உலகம் முழுக்கப் பரவியது. அடுத்த சில வாரங்களில் அமெரிக்கப் புத்தகக் கடைகளில் இனவெறி பற்றிய நூல்கள் கிடைக்காமல் போயின. ராபின் டிஆஞ்சலோ, இப்ரம் கெண்டி போன்றவர்களின் நூல்கள் ‘நியூயார்க் டைம்ஸ்’ விற்பனைப் பட்டியலின் மேல்வரிசையைப் பிடித்தன. வாசிப்பு வட்டங்கள் கூடின. நிறுவனங்கள் ஊழியர்களை உட்காரவைத்து வகுப்பு எடுத்தன.

அந்த ஆர்வத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை. தெரியாததைத் தெரிந்துகொள்ள விரும்புவது நேர்மையான தொடக்கம்தான். ஆனால் கடைசிப் பக்கத்தைப் படித்து மூடிய பிறகு பலருக்கு மிஞ்சியது வெட்கமும் துக்கமும்தான். அதற்கு மேல் கால் வைக்க வழி தெரியவில்லை. படித்தது எப்போது செயலாகும் என்ற இந்தக் கேள்வியோடு, அமெரிக்கத் தெற்கில் சிலர் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அவர்கள் கண்ட விடை இன்றும் செல்லும்.

ரோசா பார்க்ஸ் கதையை எல்லோரும் கேட்டிருக்கிறோம். நாள் முழுக்க உழைத்துக் களைத்த ஒரு தையற்காரப் பெண், 1955 டிசம்பர் 1 அன்று மான்ட்கமரி நகரப் பேருந்தில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்துக் கைதானார். அதிலிருந்து ஒரு போராட்டம் வெடித்தது. கேட்க அழகான கதை. ஆனால் அது அவருக்குச் செய்யும் அநியாயம். 1943 முதலே அவர் கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. சங்கத்தின் உள்ளூர்ச் செயலாளர். வெள்ளையர்களால் வன்கொடுமைக்கு ஆளான கறுப்பினப் பெண்களின் வழக்குகளை ஊர் ஊராகப் போய் விசாரித்தவர். கைதாவதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், டென்னசி மாநில மலைப்பகுதியில் இருந்த ஹைலேண்டர் நாட்டுப்புறப் பள்ளியில் இரண்டு வாரம் தங்கிப் பயிற்சி பெற்றுத் திரும்பியிருந்தார்.

1932இல் மைல்ஸ் ஹார்ட்டன் என்ற வெள்ளையரும் அவருடைய நண்பரும் தொடங்கிய பள்ளி அது. பாடத்திட்டமோ தேர்வோ பட்டமோ கிடையாது. வந்தவர்கள் வட்டமாக உட்கார்ந்து தங்கள் ஊர்ப் பிரச்சினையைப் பேசுவார்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள், ஒரே விடுதியில் தூங்குவார்கள். அந்த மாநிலத்தில் அப்போது இதுவே பெருங்குற்றமாகப் பார்க்கப்பட்டது. காலையில் காப்பியும் வறுத்த இறைச்சியும் மணக்க, அவற்றைச் சமைப்பவர்கள் வெள்ளையர்கள், தான் அல்ல என்பதை அறிந்து படுத்திருந்த சுகத்தை ரோசா பார்க்ஸ் பிற்பாடு ஆசையோடு நினைவுகூர்ந்திருக்கிறார். அப்போது அவருக்கு வயது 42. சமமாக வாழ்வது எப்படி இருக்கும் என்பதைப் புத்தகத்தில் அல்லாமல் உடம்பால் அறிந்த நாட்கள் அவை.

பயிற்சி முடியும்போது எல்லோரிடமும் ஒரு கேள்வி வைக்கப்படும்: ஊருக்குப் போய் என்ன செய்யப்போகிறீர்கள்? மான்ட்கமரியில் ஒன்றும் நடக்காது, அங்கே மக்கள் ஒன்றுசேர மாட்டார்கள் என்றுதான் ரோசா பார்க்ஸ் சொன்னார். இளைஞர்களோடு தொடர்ந்து வேலை செய்வதாக மட்டும் வாக்களித்தார். நான்கே மாதத்தில் அந்த ஊர் பேருந்தைப் புறக்கணித்தது. 381 நாள் நடந்தே வேலைக்குப் போனது. அவர் கைதான அன்றிரவே கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் ஆயிரக்கணக்கில் துண்டுப் பிரசுரம் உருட்டி எடுத்தார் என்றால், அதற்கான யோசனையும் ஆட்களும் முன்பே தயாராக இருந்ததால்தான்.

ஹைலேண்டரில் அந்தப் பயிற்சியை நடத்தியவர் செப்டிமா கிளார்க். ரோசா பார்க்ஸ் அளவுக்கு இவர் பெயர் வெளியே தெரியாதது வருத்தமான விஷயம். சார்ல்ஸ்டன் நகரத்துப் பள்ளி ஆசிரியை. சுமார் நாற்பது ஆண்டு பாடம் நடத்தியவர். அரசு ஊழியர்கள் என்.ஏ.ஏ.சி.பி.யில் இருக்கக் கூடாது என்று தென் கரோலினா மாநிலம் சட்டம் போட்டபோது, உறுப்பினராக இருப்பதை மறைக்க மாட்டேன் என்றார். 1956இல் வேலை போனது, ஓய்வூதியமும் போனது. அதன் பிறகு அவர் கைவைத்த வேலைதான் அமெரிக்கத் தெற்கையே புரட்டியது.

சார்ல்ஸ்டனை ஒட்டிய ஜான்ஸ் தீவில் ஈசா ஜென்கின்ஸ் என்பவர் ஒரு பேருந்து ஓட்டிவந்தார். தீவின் கறுப்பினத் தொழிலாளர்கள் அதில்தான் நகரத்து வேலைக்குப் போய்வருவார்கள். வாக்காளராகப் பதிய வேண்டுமானால் மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைப் பதிவாளர் முன் வாசித்துக் காட்ட வேண்டும். கறுப்பர்களைத் தடுக்க வைத்த வேலி அது. ஜென்கின்ஸ் வண்டி ஓட்டிக்கொண்டே சட்டப் பகுதிகளைப் பயணிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆலிஸ் வைன் என்ற பெண், காதால் கேட்டே முழுவதையும் மனப்பாடம் செய்து பதிவும் பெற்றுவிட்டார். ஆனால் அவருக்கு மனம் ஆறவில்லை. உண்மையாகவே எழுதப் படிக்க வேண்டும், ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று கேட்டார்.

ஹைலேண்டர் கடன் கொடுத்தது. தீவுவாசிகள் ஒரு பழைய கட்டடத்தை வாங்கி, முன்னால் கூட்டுறவு மளிகைக் கடை, பின்னால் வகுப்பறை என்று அமைத்தார்கள். வெளியே இருந்து பார்க்கும் வெள்ளையர் கண்ணுக்குக் கடை மட்டும்தான் தெரியும். ஆசிரியராக யாரைப் போடுவது? செப்டிமா கிளார்க் தன் உறவினர் பெர்னீஸ் ராபின்சனைத் தேர்ந்தெடுத்தார். அவர் அழகுநிலையம் நடத்தியவர், தையலும் தெரிந்தவர். பாடம் நடத்திய அனுபவமே கிடையாது. அவருடைய வாடிக்கையாளர்கள் கறுப்பினப் பெண்கள். எனவே எந்த வெள்ளை முதலாளியும் அவர் வயிற்றில் அடிக்க முடியாது. படிப்பாளியைத் தேடாமல், பயமில்லாமல் நிற்கக்கூடிய ஒருவரைத் தேடியதில்தான் செப்டிமா கிளார்க்கின் கூர்மை இருக்கிறது.

1957 ஜனவரியில் 14 பேரோடு வகுப்பு தொடங்கியது. பெர்னீஸ் ராபின்சன் குழந்தைகளுக்கான பாடநூல்களைக் கொண்டுபோயிருந்தார். ஒரே பார்வையில் அவை உதவாது என்று புரிந்துவிட்டது. வயல்வேலை செய்து காய்ப்பேறிய கைகளுக்கு முன்னால் பொம்மைப் படக் கதையை எப்படி வைப்பது? நான் ஆசிரியை இல்லை, எல்லோரும் சேர்ந்து கற்போம் என்று சொல்லிவிட்டு, உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களையே கேட்டார். பெயரை எழுத வேண்டும் என்றார்கள். பைபிள் வாசிக்க வேண்டும், மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும், தபாலில் பொருள் வாங்கும் படிவத்தை நிரப்ப வேண்டும் என்றார்கள். அவையே பாடமாயின. அட்டையில் பெரிதாக எழுதிய பெயரின் மேல் பென்சிலால் திரும்பத் திரும்ப ஓட்டி, கைக்கு அந்த வடிவம் பழகும் வரை எழுதினார்கள். சுவரில் ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தை ஒட்டிவைத்து, வகுப்பு முடிவதற்குள் இதை நீங்களே வாசிக்க வேண்டும் என்றார் ஆசிரியை. அறுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணி, பலகையில் இருந்த பெயர்களுக்கு நடுவே தன் பெயரைக் கண்டுபிடித்துச் சுட்டிக்காட்டிய நேரத்தைப் பெர்னீஸ் ராபின்சன் கடைசிவரை மெய்சிலிர்ப்போடு சொல்லிவந்தார்.

படித்தவர்கள் நேராகப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போனார்கள். இந்த வகுப்பின் சூட்சுமமே அதுதான். கற்பதற்குப் பக்கத்திலேயே அதைச் செலவழிக்க ஓர் இடம் இருந்தது. பக்கத்துத் தீவுகள் கேட்டன. பிறகு மற்ற மாநிலங்கள் கேட்டன. 1961இல் டென்னசி அரசு ஹைலேண்டரின் உரிமத்தைப் பறித்து மூடியபோது, மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பு இந்த வகுப்புகளை எடுத்துக்கொண்டு தெற்கு முழுவதும் நடத்தியது. முடிதிருத்துவோரும் விவசாயிகளும் ஆசிரியர்களானார்கள்.

அதே டென்னசியில், நாஷ்வில் நகர மாணவர்கள் பெற்ற பயிற்சி வேறு மாதிரி. அதற்கு இந்தியாவோடு நேரடித் தொடர்பு உண்டு. ஜேம்ஸ் லாசன் என்ற இளம் மெதடிஸ்ட் 1953இல் நாக்பூர் ஹிஸ்லாப் கல்லூரிக்கு வந்து மூன்றாண்டு வேலை பார்த்தார். காந்தியின் வழியை ஊன்றிப் படித்தார். மான்ட்கமரி போராட்டச் செய்தியையே அவர் நாக்பூர்ப் பத்திரிகையில்தான் வாசித்தார். ஊர் திரும்பி, 1959இல் நாஷ்வில்லில் ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். வெள்ளையருக்கு மட்டுமே பரிமாறும் உணவுக் கவுண்டர்களில் போய் உட்கார வேண்டும். அதற்கு ஒத்திகை நடந்தது. சிலர் கவுண்டரில் உட்காருவது போல உட்காருவார்கள். மற்றவர்கள் அவர்களைக் கெட்ட வார்த்தையால் திட்டுவார்கள், முகத்தில் சிகரெட் புகை ஊதுவார்கள், நாற்காலியிலிருந்து இழுத்துத் தள்ளுவார்கள். விழுந்தவர் தலையை எப்படிக் காத்துக்கொள்வது, அடிபடும் தோழருக்கும் அடிப்பவருக்கும் நடுவே எப்படிப் போய்ப் படுப்பது என்றெல்லாம் பழகினார்கள். சிகாகோவிலிருந்து வந்த டயான் நாஷுக்கு இது வேலைக்கு ஆகுமா என்ற சந்தேகம் இருந்தது. ஆனாலும் வந்துகொண்டே இருந்தார்.

1960 பிப்ரவரி 27 அன்று கும்பல் அவர்களைத் தாக்கியது. போலீஸ் அடித்தவர்களை விட்டுவிட்டு, அடி வாங்கிய மாணவர்கள் சுமார் 80 பேரைக் கைதுசெய்தது. ஒரு வரிசையை இழுத்துப் போனதும் அடுத்த வரிசை வந்து அதே நாற்காலிகளில் உட்கார்ந்தது. ஏப்ரல் 19 விடியலில் அவர்களுடைய வழக்கறிஞர் வீட்டில் குண்டு வெடித்தது. அன்றே ஆயிரக்கணக்கானோர் மௌனமாக நடந்து நகரமன்றத்தை அடைந்தார்கள். நிறத்தை வைத்து மனிதரை ஒதுக்குவது தவறா இல்லையா என்று டயான் நாஷ் மேயரிடம் நேருக்கு நேர் கேட்டார். தவறுதான் என்று மேயர் ஒப்புக்கொண்டார். மே 10 அன்று நாஷ்வில் கடைகள் கறுப்பினத்தவருக்குப் பரிமாறின.

இந்த மூன்று இடங்களிலும் கற்றவர்கள் தனியாகக் கற்கவில்லை. தங்களுக்கு என்ன வேண்டும் என்பதை அவர்களே தீர்மானித்தார்கள். கற்றதைக் கொண்டுபோய் நிறுத்த ஒரு குறிப்பிட்ட வாசல் இருந்தது. 2020இன் வாசிப்பு வட்டங்கள் பலவற்றில் குறைந்தது அந்த வாசல்தான். இனவெறி என்பது உள்ளத்தில் இருக்கும் அழுக்கு என்று மட்டும் கற்றவர்கள் உள்ளத்தையே துருவிக்கொண்டிருந்தார்கள். ஜான்ஸ் தீவில் அது ஒரு பதிவாளரின் மேசையாக இருந்தது. மேசை என்றால் அதன் முன்னால் போய் நிற்க முடியும்.

அமெரிக்காவில் வாழும் தமிழர்களுக்கு இதில் ஒரு கடன் உண்டு. 1946 முதல் இந்தியாவுக்கு அமெரிக்கா ஒதுக்கிய குடியேற்ற இடம் ஆண்டுக்கு 100 பேர். பிறந்த நாட்டை வைத்து ஒதுக்கும் அந்த முறையை ஒழித்த சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டது 1965 அக்டோபரில். அதே ஆண்டு ஆகஸ்டில்தான் கறுப்பினத்தவரின் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியிருந்தது. அடிவாங்கியும் சிறைசென்றும் வேலை இழந்தும் அவர்கள் உண்டாக்கிய அரசியல் சூழலில்தான் நமக்கும் கதவு திறந்தது. நியூஜெர்சியிலும் டல்லாஸிலும் வீடு வாங்கிக் குடியேறிய நம் குடும்பங்களில், எந்தப் பக்கத்தில் கறுப்பினத்தவர் அதிகமோ அந்தப் பக்கம் வேண்டாம் என்ற பேச்சு கூச்சமில்லாமல் நடப்பதைக் கேட்டால் மனம் வலிக்கிறது.

எனவே இதைப் படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த புத்தகத்தைத் தாராளமாக வாங்குங்கள். கூடவே உங்கள் ஊர்ப் பள்ளி வாரியம் எப்போது கூடுகிறது, வாக்காளர் பதிவு முகாமுக்கு யார் ஆள் தேடுகிறார்கள், வாடகை வீட்டுப் பாகுபாடு பற்றிய புகாரை எந்த அலுவலகம் வாங்குகிறது என்று விசாரியுங்கள். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு இந்த மாதமே போய்விட்டு வாருங்கள்.