ஃபாதருக்கு ஒரு சிபாரிசுக் கடிதம்

1961இல் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்குப் பேராசிரியராக வந்து சேர்ந்தவர் ஒரு கத்தோலிக்கக் குரு. யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பக்கம் பிறந்து, ரோமில் இறையியல் படித்து, தூத்துக்குடி மறைமாவட்டத்தில் பணிசெய்த சேவியர் தனிநாயகம் அடிகள். அந்தத் துறை எப்படி உண்டானது என்று தெரிந்தவர்களுக்குத்தான் இந்த நியமனத்தின் விநோதம் முழுதாகப் புரியும்.

பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த 1950களில், இந்திய ஆய்வுத் துறையை எப்படி அமைக்கலாம் என்று கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியிடம் ஆலோசனை கேட்டார்கள். சோழர் வரலாற்றைத் தொகுத்துத் தந்த பேரறிஞர் அவர். சமஸ்கிருதத்துக்கு முதலிடம் தரும்படி சொன்னார். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இருந்த தமிழர்கள் கொதித்துப் போனார்கள். 'தமிழ் முரசு' நாளிதழ் ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டக் கிளம்பினார். சாதாரணத் தொழிலாளிகள்கூட ஆளுக்கொரு வெள்ளி என்று போட்டார்கள். அந்தப் பணம் பல்கலைக்கழகத்தின் தமிழ் நூலகத்துக்குப் போனது. துறையில் தமிழ் நிலைத்தது. போட்டவர்களில் பெரும்பாலோர் முருகனையும் மாரியம்மனையும் கும்பிடுகிறவர்கள். அவர்கள் வெள்ளியால் வேர் பிடித்த துறைக்குத் தலைமை தாங்க வந்தவர் அங்கி போட்டவர்.

மாபெரும் அறிஞர் சொன்ன சிபாரிசைச் சனங்கள் தள்ளினார்கள். அங்கி போட்டவரை ஏற்றுக்கொண்டார்கள். இரண்டுமே சரியாகத்தான் இருந்தன என்பது என் எண்ணம். ஆனால் ஏன் சரி என்று கேட்டால் பதில் அவ்வளவு சுலபமாக வருவதில்லை. அண்மையில் அதை உட்கார்ந்து யோசிக்க வேண்டியதாயிற்று.

தெலுக் பங்லிமா காராங்கில், கிள்ளான் - பந்திங் சாலையை ஒட்டிய ஒரு தாமானில் குடியிருக்கிறேன். தொழிற்பேட்டைக்குப் போகும் லோரிகளின் இரைச்சல் கேட்கவில்லை என்றால் இன்னும் பொழுது விடியவில்லை என்று பொருள். ஓய்வு பெற்ற விரிவுரையாளர் என்பது அக்கம்பக்கத்தில் தெரிந்துபோனதால் "ஒரு லெட்டர் குடுங்க சார்" என்று வருகிறவர்கள் உண்டு. பிள்ளைக்கு மெட்ரிகுலேஷன் இடம், உபகாரச் சம்பளம், தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை, எதுவானாலும் லெட்டர்தான். பெரும்பாலும் எழுதிக் கொடுத்துவிடுவேன். யாரும் படிக்கப்போவதில்லை என்ற தைரியம்.

இந்த முறை வந்தவர் ஒரு ஃபாதர். தமிழர், கோல லங்காட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், ஐம்பதைத் தாண்டியவர். ஒரு பல்கலைக்கழகத்தில் நாட்டார் வழக்காற்றியல் பாடம் நடத்தப் பகுதிநேர விரிவுரையாளர் தேவை. விண்ணப்பத்துக்கு இரண்டு பேர் சான்றுரைக்க வேண்டும். என் பெயரைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். தன் மைவி காரில் வந்து, ஆய்வேட்டின் படி ஒன்றை மேசையில் வைத்துவிட்டு, "படிச்சுப் பாத்துட்டு முடியாதுன்னு தோணுனா தாராளமா சொல்லுங்க சார்" என்றார். லெட்டர் கேட்டு வந்தவர்களில் இப்படிச் சொன்னவர் இவர் ஒருவர்தான்.

செய்தி எப்படியோ பரவிவிட்டது. கோயில் நிர்வாகத்தில் இருக்கும் என் நண்பர் நேரில் வந்து வருத்தப்பட்டார். "நம்ம புள்ளைங்க எத்தன பேரு டாக்டர் பட்டம் வாங்கிட்டு டியூஷன் சொல்லிக் குடுத்துப் பொழைக்கிறாங்க. ஃபாதருக்கு வீடு இருக்கு, சாப்பாடு இருக்கு. நீங்க அவருக்குப் போயி எழுதுறீங்களே?" அதில் மதம் கொஞ்சம் கலந்திருந்தது உண்மை. ஆனால் மதத்தைக் கழித்துவிட்டாலும் மிஞ்சுகிற கேள்வியில் நியாயம் இருக்கிறது. படித்த இளைஞனுக்குச் சம்பளம் வேண்டும். துறவிக்கு அந்த அவசரம் இல்லை. நான் நண்பருக்குச் சொன்னது இதுதான்: யாருக்கு வேலை கொடுப்பது என்பதை முடிவு செய்ய ஒரு குழு இருக்கிறது. எனக்கு இட்ட வேலை இவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்வது. அந்தப் பிள்ளைகளில் ஒருவர் தன் ஆய்வைக் கொண்டுவந்து வைத்தால் அவருக்கும் இதே அக்கறையோடு எழுதுவேன். நண்பர் சமாதானம் ஆகவில்லை. தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

மறுபக்கத்திலிருந்தும் ஒருவர் வந்தார். ஃபாதரின் பங்கைச் சேர்ந்த ஓர் அம்மா. "சாமி ரொம்ப நல்லவரு சார். எங்க வீட்டுல சாவு விழுந்தப்ப ராத்திரி ரெண்டு மணிக்கு ஓடியாந்தாரு. அதையெல்லாம் நல்லா எழுதுங்க." எனக்கு அதிகச் சங்கடம் தந்தது இந்தப் பேச்சுதான். எதிர்ப்பவரோடு வாதாடலாம். நல்லெண்ணத்தோடு தப்பான காரணத்தைக் கையில் கொடுப்பவரை என்ன செய்வது?

துறவிகளைச் சிபாரிசு செய்யும்போது நம் ஆட்கள் எல்லாரும் வழுக்கி விழும் இடம் இது. நல்லவர், எளிமையானவர், தியாகி என்று அடுக்குவோம். அவர் எழுதியதில் ஒரு பக்கம்கூடப் படித்திருக்க மாட்டோம். ஒரு வேதியியல் ஆசிரியரை 'இரவு இரண்டு மணிக்கும் உதவுவார்' என்று பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைப்போமா? துறவியின் நற்குணத்தைப் பாடுவது அவரைக் கௌரவிப்பது போலத் தோன்றும். உள்ளபடிக்கு, அவருடைய படிப்பை நாம் பொருட்படுத்தவில்லை என்று சொல்கிற நாகரிகமான வழி அது. படிவத்தில் 'நற்குணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. 'மிக நன்று' என்பதில் அடையாளமிட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

அப்படியானால் அங்கியைப் பற்றிப் பேசவே கூடாதா? இப்படி நினைப்பவர்களும் உண்டு. அறிவுக்கு மதம் இல்லை, அவர் குரு என்பதைக் குறிப்பிடாமல் ஆய்வை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்பார்கள். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் பொய். அங்கி ஓர் அறிஞருக்குச் சில கதவுகளைத் திறக்கும், சிலவற்றை மூடும். சான்றுரைப்பவன் இரண்டையும் சொல்ல வேண்டும்.

தனிநாயகம் அடிகளையே பாருங்கள். அன்தாவ் த புரோயென்சா என்ற பாதிரியார் தொகுத்து, கேரளத்து அம்பலக்காட்டில் 1679இல் அச்சான தமிழ் - போர்த்துகீசிய அகராதி ஒன்று. அதன் படி ரோமில், வத்திக்கான் நூலகத்தில் கிடந்தது. 1966இல் அதை மறுபதிப்பாக வெளிக்கொண்டு வந்தவர் அடிகள். வெளியிட்டது நம் மலாயாப் பல்கலைக்கழகம். லத்தீனும் இத்தாலியமும் போர்த்துகீசியமும் தெரிந்த, ரோம் நகரத்து நூலகங்களில் பழகிய ஒருவரின் கண்ணில்தான் அது படும். லிஸ்பனில் அவர் கண்டெடுத்த, 1554இல் ரோமன் எழுத்தில் அச்சான தமிழ்ச் செபநூலும் அப்படித்தான். சமயக் கல்வி அவருக்குத் தந்த மொழிகள் தமிழ் அச்சு வரலாற்றின் தொடக்கப் பக்கங்களைத் திருத்தி எழுதவைத்தன.

அதே அங்கி ஜி.யு. போப்பை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1884 முதல் ஆக்ஸ்போர்டில் தமிழ் கற்பித்தவர் அவர். எண்பது வயதில், 1900இல், திருவாசகத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார். சைவப் பிள்ளைகளாகிய நம்மில் எத்தனை பேர் அந்த வயதில் திருவாசகத்தை ஒரு வரி விடாமல் படித்திருப்போம்? ஆனால் 1886இல் குறளை மொழிபெயர்த்தபோது, மயிலாப்பூர்ப் பக்கம் கேட்ட கிறிஸ்தவப் போதனையின் சாயல் வள்ளுவரிடம் இருக்கலாம் என்று முன்னுரையில் எழுதிவைத்தார். அதற்குச் சான்று எதுவும் இல்லை. நம்பிக்கை இழுத்த இழுப்பு. ஆக்ஸ்போர்டுக்கு நான் சான்றுரை அனுப்பியிருந்தால் அவரை எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் எழுதியிருப்பேன். இந்த இடத்தில் கவனம் தேவை என்று ஒரு வரியும் சேர்த்திருப்பேன்.

இன்னொரு சிக்கல் விபுலாநந்த அடிகளுடையது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் ஆனார். 1933இல் அங்கிருந்து விலகினார். பிறகு இமயமலையில் மாயாவதி ஆசிரமத்தில் இருந்து இராமகிருஷ்ண மடத்தின் ஆங்கில இதழைக் கவனித்தார். 1943இல்தான் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் மறுபடி பேராசிரியர் ஆனார். துறவியின் நேரம் துறவியின் கையில் இல்லை. மடம் கூப்பிட்டால் போக வேண்டும், ஆயர் மாற்றினால் மாற வேண்டும். பருவத்தின் நடுவில் ஆசிரியர் போய்விட்டால் தவிக்கப்போவது மாணவர்கள். இதைச் சொல்லாத சிபாரிசு ஓட்டை உள்ள சிபாரிசு.

இவ்வளவையும் மனதில் போட்டுக்கொண்டு ஃபாதரின் ஆய்வேட்டைப் படித்தேன். பொருள் ஒப்பாரி. கோல லங்காட், கிள்ளான் பகுதித் தோட்டங்களில் வாழ்ந்த பாட்டிமார் பாடியவை. ரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்து, தோட்டங்கள் துண்டாடப்பட்டு, சனங்கள் மலிவு விலை அடுக்ககங்களுக்குப் போன பிறகு ஒப்பாரி சொல்லத் தெரிந்த வாய்கள் குறைந்துவிட்டன. கேரித் தீவிலிருந்து பந்திங் வரை அலைந்து அவர்களைத் தேடிப் பிடித்திருக்கிறார். கங்காணியும் டிக்கெட்டும் கப்பலும் அந்தப் பாடல்களுக்குள் எப்படி நுழைந்தன என்று அவர் காட்டும் அத்தியாயம் அருமை. கடைசி அத்தியாயத்தில் துக்கத்துக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார். அங்கே எழுதுவது ஆய்வாளர் அல்ல, பிரசங்கியார்.

படித்ததும் எனக்கு ஒரு கேள்வி உறுத்தியது. சாவு வீட்டுக்குள் குருவை யாரும் தடுப்பதில்லை. அந்தக் கதவு வழியாக நுழைந்து ஆய்வாளர் குறிப்பெடுத்தாரா? கூப்பிட்டுக் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. சாவு வீட்டில் எதையும் பதிவு செய்ததில்லை என்றார். சடங்கெல்லாம் முடிந்து மாதக்கணக்கில் கழித்து, அங்கி இல்லாமல் போய், எதற்கு வந்திருக்கிறேன் என்று சொல்லி, சம்மதித்தவர்களிடம் மட்டும் கேட்டாராம். "சில பாட்டிங்க மாட்டேன்னுட்டாங்க சார். சும்மா உக்காந்து ஒப்பாரி வச்சா வீட்டுக்கு ஆகாதுன்னு. எழுந்து வந்துட்டேன்." மறுத்தவர்களைப் பற்றியும் ஆய்வேட்டில் ஒரு பத்தி இருப்பதை அதற்குப் பிறகுதான் கவனித்தேன்.

எழுத்து சரி. வகுப்பு? பிரசங்க மேடையில் பேசிப் பழகியவரை யாரும் குறுக்கே கேள்வி கேட்பதில்லை. வாரத்துக்கு வாரம், வருஷக்கணக்கில், எதிர்ப்பேச்சு இல்லாமல் பேசுவது ஒரு மனிதரை என்ன செய்யும் என்பது குருமார்களுக்கும் அரசியல்வாதிகளுக்கும் பொதுவான பிரச்சினை. தனிநாயகம் அடிகளுக்கு வாய்த்த அதிர்ஷ்டம், ரோமிலிருந்து வந்ததும் அவர் போன இடம் வடக்கன்குளத்துப் பள்ளிக்கூடம். 1940 முதல் ஐந்து ஆண்டுகள் அங்கே ஆசிரியர். தமிழில் தமக்குப் போதிய பயிற்சி இல்லை என்று உணர்ந்து குருசாமி சுப்பிரமணிய ஐயர் என்ற பண்டிதரிடம் உட்கார்ந்து படித்தார். இறையியல் முனைவர், முப்பதை நெருங்கும் வயதில், மறுபடி மாணவர். அதன் பிறகுதான் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், சங்கப் பாடல்களில் இயற்கை பற்றிய ஆய்வு, 1952இல் தொடங்கிய 'தமிழ்க் கல்ச்சர்' ஆங்கில இதழ் எல்லாம். 1964 ஜனவரியில் புதுதில்லியில் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றதும், 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் துங்கு அப்துல் ரஹ்மான் தொடக்கிவைக்க முதல் மாநாட்டை நடத்திக் காட்டியதும் எல்லாருக்கும் தெரியும். என் மட்டில், அவருக்குச் சான்றுரை எழுதச் சொன்னால் பண்டிதரிடம் போய் உட்கார்ந்த அந்த வடக்கன்குளத்து வருஷங்களைத்தான் முதலில் எழுதுவேன்.

எங்கள் ஃபாதர் சனிக்கிழமைகளில் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குத் தமிழ் இலக்கியம் நடத்துகிறார் என்று கேள்விப்பட்டு, ஒரு நாள் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஒரு பெண் குறுக்கிட்டாள்: "ஃபாதர், இந்தப் பாட்டுல அவ அழுவுறான்னு எங்க இருக்கு? நீங்கதான் சொல்றீங்க." புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. "இல்லம்மா. நான்தான் அழ வச்சிட்டேன்" என்றார். வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் படிவத்தை நிரப்பினேன்.

அந்தச் சனிக்கிழமையை அப்படியே எழுதினேன். ஒப்பாரி அத்தியாயத்தின் பலத்தையும் கடைசி அத்தியாயத்தின் குறையையும் எழுதினேன். பாட்டிமார் மறுத்தபோது எழுந்து வந்ததைச் சேர்த்தேன். அவர் குரு என்பதையும், பருவம் முடியும் வரை மாற்றமாட்டோம் என்று ஆயரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது என்பதையும் குறிப்பிட்டேன். ராத்திரி இரண்டு மணியை விட்டுவிட்டேன். படியை ஃபாதருக்கும் கொடுத்தேன். கடைசி அத்தியாயம் பற்றிய வரியை இரண்டு முறை படித்தார். "உண்மைதான்" என்றார், அவ்வளவாக மகிழ்ச்சி இல்லாமல். முடிவு இன்னும் வரவில்லை.

நாளைக்கு உங்களிடமும் ஒரு குருவோ, சாமியாரோ, உஸ்தாஸோ, பிக்குவோ இப்படி ஒரு படிவத்தை நீட்டலாம். அவர் எழுதியதை வாங்கிப் படியுங்கள். முடிந்தால் அவர் வகுப்பில் ஒரு மணி நேரம் பின்னால் போய் உட்காருங்கள். இரண்டுக்கும் நேரம் இல்லையென்றால், ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.