சொல்லிவிட்டோம் என்பது போதுமா?

எல்லாப் புகழும் வல்ல நாயன் அல்லாஹ்வுக்கே. அவனுடைய திருத்தூதர் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.



வல்ல நாயன் தன் தூதர் ஒவ்வொருவரையும் அவரவர் சமூகத்தாரின் மொழியைக் கொண்டே அனுப்பியதாகத் திருக்குர்ஆனின் இப்ராஹீம் அத்தியாயத்தில் அறிவிக்கிறான். எதற்காக? அவர்களுக்கு விளக்கிச் சொல்வதற்காக. செய்தி இறைவனுடையதாயினும், கேட்பவர்க்கு விளங்காத மொழியில் அது இறங்கவில்லை. நாயகம் (ஸல்) அவர்களோ, கேட்பவர் நன்கு விளங்கிக்கொள்ளும் பொருட்டு ஒரு வார்த்தையை மும்முறை திருப்பிச் சொல்வார்கள் என்று ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம்.

இனி நம் கடைகளைப் பார்ப்போம். அடுக்களையில் வங்காள தேசத்துப் பிள்ளை நிற்கிறான். கிட்டங்கியில் நேபாளத்துப் பிள்ளை மூட்டை தூக்குகிறான். சுவரில் மலாயிலும் ஆங்கிலத்திலும் எச்சரிக்கைப் பலகை தொங்குகிறது. நாமோ தமிழில் அதட்டுகிறோம். "எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்!" என்கிறோம். சொன்னோம், உண்மைதான். ஆனால் அவனுக்கு விளங்கிற்றா?

மொழிதான் தடை, படம் போட்டால் போதும் என்று சிலர் எண்ணலாம். ஈராக் நாட்டில் நடந்ததைக் கேளுங்கள். 1971-ஆம் ஆண்டில் அங்கே விதைப்பதற்காக வெளிநாட்டிலிருந்து கோதுமை வந்தது. பூஞ்சணம் பிடிக்காமலிருக்கப் பாதரச மருந்து தடவிய கோதுமை அது. உண்ணலாகாது என்பதற்கு அடையாளமாகச் சிவப்புச் சாயமும் ஏற்றியிருந்தார்கள். மூட்டைகளின் மீது எச்சரிக்கை ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. மண்டையோடும் எலும்பும் வரைந்த படமும் இருந்தது. அந்த எழுத்து குடியானவர்களுக்குப் படிக்கத் தெரியாது. அந்தப் படம் நஞ்சைக் குறிப்பது என்பதும் அவர்கள் அறியாதது. விதைக்கும் பருவமும் கடந்துவிட்டிருந்தது. தானியத்தைக் கழுவினார்கள். சாயம் போயிற்று, நஞ்சும் போயிற்றென்று நம்பி ரொட்டி சுட்டுத் தின்றார்கள். நஞ்சு உடனே தன்னைக் காட்டவில்லை. வாரங்கள் கழித்தே காட்டிற்று. மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர்கள் 6,530 பேர். அங்கே மரித்தவர்கள் மட்டும் 459 பேர். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

எழுத்து இருந்தது, படம் இருந்தது, நிறமும் இருந்தது. விளக்கிச் சொல்ல ஆள்தான் இல்லை!

நம் கடைகளிலும் இந்த ஆபத்து உண்டு. கழிவறை கழுவும் ஆசிட்டைக் குடிநீர்ப் போத்தலில் ஊற்றி வைக்கிறோம். போத்தல் "தண்ணீர்" என்று சொல்கிறது. உள்ளே இருப்பதோ வேறு. அந்த ஆசிட்டையும் வெளுப்பு நீரையும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் என்னும் நச்சுக் காற்று எழும் என்பதைப் புதிதாய் வந்த பிள்ளை எப்படி அறிவான்?

சமையல் எரிவாயுவுக்கு இயல்பாக வாடை இல்லை. ஒழுகினால் தெரிய வேண்டுமென்றே துர்நாற்றமுள்ள மருந்தைக் கலக்கிறார்கள். அந்த வாடையும் ஒரு மொழிதான். விறகடுப்பைத் தவிர வேறறியாத கிராமத்துப் பிள்ளைக்கு அது வெறும் நாற்றம். அந்த வாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு தங்கி நிற்கும். அந்நேரம் விளக்குச் சுவிட்சைத் தட்டினாலும் தீப்பற்றக் கூடும். யாரேனும் அவனுக்கு இதைச் சொன்னோமா?

இன்னொன்றும் உண்டு. "விளங்கிற்றா?" என்று கேட்டால் அவன் தலையாட்டுகிறான். அது விளங்கியதற்கான தலையாட்டல் அன்று. முதலாளிக்குக் காட்டும் மரியாதை. இல்லையென்று சொன்னால் ஏச்சு விழும், வேலை போகும் என்ற அச்சமும் அதில் கலந்திருக்கிறது. நம் கோபத்துக்கு அஞ்சி ஒருவன் தன் அறியாமையை மறைத்தால், நேரும் விபத்தில் நமக்குப் பங்கில்லையா? பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள், அவர்கள் சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கைகொடுங்கள் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனையன்றோ?

"எல்லாம் நசீபு" என்று சொல்லி ஒதுங்குவோரும் உண்டு. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுத் தவக்குல் வைக்கலாமா என்று கேட்டவருக்கு, முதலில் கட்டு, பிறகு தவக்குல் வை என்றல்லவா நபிகள் நாயகம் (ஸல்) பதில் தந்தார்கள்!

ஆகவே சகோதரர்களே, செய்ய வேண்டியது பெரிதன்று. அபாயமுள்ள ஒவ்வொரு வேலையையும் செய்து காட்டுங்கள். பின்பு அவனையே செய்து காட்டச் சொல்லுங்கள். அவன் மொழியில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அந்த மொழி அறிந்த பழைய பணியாளரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். நீங்களும் நான்கு வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள். தீக்கு வங்காளியில் "ஆகுன்", நேபாளியில் "ஆகோ". நாயகம் (ஸல்) அவர்கள் யூதர்களுடன் கடிதம் நடத்துவதற்காக ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை அவர்களுடைய எழுத்தைக் கற்கப் பணித்தார்கள். கட்டளையிடும் இடத்தில் இருப்பவர்க்கு அது இழிவாகவில்லை. "தெரியவில்லை" என்று சொல்லும் பிள்ளையை ஏசாமல், மெச்சுங்கள்.

சட்டமும் இதையே நாடுகிறது. மலேசியாவில் 1994-ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் சிறு கடைகளையும் தழுவி நிற்கிறது. ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பைக் கவனிக்க ஒருவரை நியமிக்க வேண்டும். சிங்கப்பூரில் 2011 செப்டம்பர் முதல் எல்லா வேலைத்தலங்களுக்கும் இத்தகைய சட்டம் பொருந்துகிறது. ஆனால் அதிகாரி வருவாரென்று செய்வது வேறு. அல்லாஹ் கேட்பானென்று செய்வது வேறு.

நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்கில் இறங்கியபோது, அவர்களுக்கும் இந்த மண்ணின் மொழி தெரியாது. யாரோ ஒருவர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்ததால்தான் அவர்கள் பிழைத்தார்கள்; நாமும் இன்று கடை வைத்திருக்கிறோம். கடல் தாண்டி ஒரு தாய் தன் மகனை நம்மிடம் அமானிதமாக ஒப்படைத்திருக்கிறாள். அவனை வாங்கியபடியே திருப்பித் தருவது நம் கடமை.

இன்றிரவு கடை அடைக்கும் முன் ஒரு பிள்ளையை அழைத்து, வாயு ஒழுகினால் என்ன செய்வாய் என்று கேட்டுப் பாருங்கள். அவன் விழித்தால், அப்போதே சொல்லிக் கொடுங்கள்.

வல்ல நாயன் நம் கடைகளையும் அங்கே உழைப்போரையும் காத்தருள்வானாக. ஆமீன்.