மதகு திறந்தது: வினைமுதல் மறையும் சொல்லாட்சியும் அதன் அறமும்

பொருள் குறியாத சொல் இல்லை என்பது தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கொள்கை. எனினும் ஒரு சொல் தான் குறிக்கும் பொருளை மட்டும் கேட்போரிடம் சேர்ப்பதில்லை; அப்பொருளை எவ்வாறு ஏற்கவேண்டும் என்னும் மனநிலையையும் உடன் சேர்க்கிறது. 'செத்தார்' என்பதும் 'இயற்கை எய்தினார்' என்பதும் ஒரே நிகழ்வைச் சுட்டினும் கேட்போர் உள்ளத்தில் ஒன்றுபோல் இறங்குவதில்லை. இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என நன்னூலார் வகுத்த தகுதி வழக்கு இவ்வுணர்வின் விளைவேயாகும். ஆயினும் இவ்வழக்குப் பெரிதும் அவை நாகரிகமாகவே விளக்கப்பட்டு வந்துள்ளது. சொல் தேர்வினால் ஒருவருடைய செயல் மறையுமாயின் அம்மறைப்புக்குச் சொன்னவர் பொறுப்பாவரா என்னும் அறவினா அதனினும் கடியது. அதனை நூல்களுக்குள் மட்டும் வைத்து ஆராய்வதைவிட, வடகிழக்குப் பருவமழைக் காலத்து நாளிதழ்களில் வழக்கமாகிவிட்ட ஒரு சிறு தொடரில் வைத்து நோக்குவது பயன்தரும். 'பிச்சாட்டூர் ஏரியிலிருந்து உபரி நீர் திறப்பு' என்பது அத்தொடர்.

முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த பிச்சாட்டூர், 2022 ஏப்ரலில் ஆந்திர மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டபின் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஊத்துக்கோட்டை, நாகலாபுரம் வழியாகத் திருப்பதிக்குச் செல்வோர் கடந்துபோகும் ஊர். தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் எல்லைப் பகுதி. இங்கு ஆரணியாற்றின் குறுக்கே அமைந்த நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 1.85 டி.எம்.சி. இதிலிருந்து வெளியேறும் நீர் சுருட்டப்பள்ளியைக் கடந்து ஊத்துக்கோட்டை அருகே தமிழகத்திற்குள் நுழைந்து, பெரியபாளையம், பொன்னேரிப் பகுதிகளின் வழியே பழவேற்காட்டை அடைகிறது. 2021 நவம்பர் மழையில் ஊத்துக்கோட்டைத் தரைப்பாலம் மூழ்கிப் போக்குவரத்து நின்றது. மேலே ஒரு மதகு உயர்வதும் கீழே ஒரு பாலம் மறைவதும் ஒரே ஆற்றின் இரு நிகழ்வுகள். அவற்றிடையே மாநில எல்லையும் இரண்டு மொழிகளும் கிடக்கின்றன.

ஏரியும் அணையும்

மேற்கண்ட தொடரின் முதற் சொல்லே ஆராயத்தக்கது. ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டு மதகுகளால் ஆளப்படும் ஒன்றைத் தமிழ்ச் செய்திகள் ஒருகால் 'அணை' என்றும் ஒருகால் 'ஏரி' என்றும் குறிக்கின்றன. வட தமிழகத்தார்க்கு 'ஏரி' என்பது ஊரின் உடைமை. நெருக்கம் தரும் சொல். ஏரி நிறைந்தால் 'கோடி போயிற்று' என்பர். தென்பகுதியில் 'மறுகால் பாய்ந்தது' என்பர். தெலுங்கில் 'அலுகு பாறிந்தி' என்பர். மூன்றும் நற்செய்தியாகவே சொல்லப்படுபவை. மூன்றிலும் நீர் தானே நிறைந்து தானே வழிகிறது. எவருடைய கையும் அங்கு இல்லை. மதகின் இயல்பு அதுவன்று. எப்போது, எத்துணை என்று ஒருவர் முடிவு செய்தாலன்றி மதகு உயராது. எனவே அணையை ஏரி என்னும்போது ஒரு முடிவு ஒரு வழிதலாகத் தோற்றம் கொள்கிறது. எழுதுபவர் இதனைக் கருதிச் செய்வதில்லை என்பது உண்மையே. கருதாமல் செய்வதனால்தான் இது வழக்காக நிலைபெறுகிறது.

'உபரி' என்பது 'மேல்' எனப் பொருள்படும் வடசொல்லின் வழி வந்தது. தமிழ் மார்க்சிய எழுத்தில் வழங்கும் 'உபரி மதிப்பு' என்னும் தொடரில் இச்சொல் குற்றச்சாட்டின் தொனி உடையது. உழைத்தவனிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது என்னும் குறிப்பு அதில் உண்டு. நீரைப் பற்றி வரும்போதோ அதே சொல் மிகுந்ததைப் பகிர்தல் என்னும் தண்மையான சாயலைப் பெறுகிறது. உபரி என்பது அணையின் கொள்ளளவை அளவாகக் கொண்ட கணக்கு. பெரியபாளையத்தில் நெல் நட்டவரின் வயலை அளவாகக் கொண்டால் அந்நீருக்கு வேறு பெயர் வேண்டும். எவருடைய நிலையில் நின்று பெயரிடப்பட்டது என்பதைச் சொல் வெளிப்படக் கூறுவதில்லை. கேட்பவரையும் அந்நிலையிலேயே நிறுத்திவிடுகிறது.

மெழுகியவர் இல்லாத திண்ணை

'மதகு திறந்தது', 'நீர் திறக்கப்பட்டது', 'நீர் திறப்பு' ஆகிய மூன்றிலும் திறந்தவர் இல்லை. இத்தகைய தொடர்களைத் தமிழிலக்கணம் நன்கறியும். செயப்படுபொருளையே வினைமுதல் போலக் கூறும் மரபைத் தொல்காப்பியர் வினையியலில் ஏற்றுக்கொள்கிறார். உரைமரபு அதனைக் கருமகருத்தன் எனப் பெயரிட்டு, திண்ணை மெழுகப்பட்டதைத் திண்ணையே மெழுகிக்கொண்டது போலச் சொல்லும் வழக்கை எடுத்துக்காட்டுகிறது. செயலின் எளிமை தோன்ற இவ்வாறு கூறுவதுண்டு என்ற விளக்கமும் உண்டு. அவ்விளக்கம் ஈண்டு முக்கியமானது. திண்ணையை மெழுகியவர் யார் என்று எவரும் கேளார். கேட்டுத் தெளியவேண்டிய தேவையும் இல்லை. மதகைத் திறத்தல் அத்தகைய எளிய செயலா? எளிமைக்கென அமைந்த ஒரு தொடரமைப்பைக் கடுமையான முடிவுக்குப் பயன்படுத்தும்போது முடிவின் கடுமையும் உடன் குறைந்து தோன்றுகிறது. இலக்கணப் பிழை இதில் இல்லை. இருப்பின் திருத்துவது எளிதாக இருந்திருக்கும்.

மறைந்த வினைமுதலை வெளிக்கொணர்ந்தால் போதும் எனச் சிலர் கூறலாம். எல்லையின் இப்பால் அது நிகழவும் செய்கிறது. 'ஆந்திரா தண்ணீரைத் திறந்துவிட்டது' என்னும்போது எழுவாய் கிடைத்துவிடுகிறது; ஆனால் அது இடவாகுபெயர். ஒரு மாநிலத்தின் பெயர், ஒரு துறையின் சில அலுவலர்களுக்காக நின்று, அம்மாநில மக்கள் அனைவர்மேலும் பழியைப் படரச் செய்கிறது. அந்த 'ஆந்திரா'வில் பிச்சாட்டூரின் தமிழ்க் குடும்பங்களும் அடங்கும் என்பதை அத்தொடர் எண்ணுவதில்லை. செயப்பாட்டுவினை பொறுப்பை எவருக்கும் உரியதல்லாததாக்கியது. ஆகுபெயரோ அதனை எல்லார்க்கும் உரியதாக்குகிறது. இரண்டிலும் பொறுப்பு உரிய இடம் சேரவில்லை.

திறத்தலே குற்றம் என்பது இதன் பொருளன்று. 2021 நவம்பர் 19 அன்று, அதே மழைக்காலத்தில், கடப்பை மாவட்டத்தில் செய்யேற்றின்மேல் இருந்த அன்னமய்யா அணை உடைந்து கீழுள்ள ஊர்கள் அழிந்தன, உயிர்களும் போயின. உரிய காலத்தில் வெளியேறாத நீர் என்ன செய்யும் என்பதற்கு அது சான்று. அந்நிகழ்வும் 'அணை உடைந்தது' என்றே சொல்லப்பட்டது. 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கன அடி வரை நீர் விடப்பட்டு அடையாற்றின் கரைகள் மூழ்கியபோது, 'வரலாறு காணாத மழை' என்பதும் 'மனிதர் செய்த வெள்ளம்' என்பதும் எதிரெதிரே நின்ற இரு தொடர்கள். 2018இல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை இரண்டாவதன் பக்கமே நின்றது. அதுவரை அங்கு நடந்த வழக்கின் பெரும்பகுதி, எழுவாய் மழையா மனிதரா என்பதே.

உருவகமும் இவ்வழக்கில் தன் பங்கைச் செய்கிறது. 'ஆறு சீறியது', 'வெள்ளம் ஊரைச் சூறையாடியது', 'இயற்கையின் சீற்றம்' எனும்போது சினமும் கொள்ளையும் ஆற்றுக்கு உரியவாகின்றன. சினந்தவரிடம் கணக்குக் கேட்பதில்லை. சினம் தணியக் காத்திருப்பதே இயல்பு. தெலுங்குச் செய்தி வழக்கில் 'வரத பீபத்ஸம்' என்பது வெள்ளப் பேரழிவு. பீபத்ஸம் அணிநூலாரின் ஒன்பான் சுவைகளுள் ஒன்று, தமிழில் இளிவரல். ஒரு சுவையின் பெயர் சேதத்தின் பெயரானதைத் தெலுங்கு வாசகர் இன்று உணர்வதாகத் தோன்றவில்லை. தமிழ் இலக்கியத்தின் பழைய நினைவோ வேறு. பரிபாடலின் வையைப் பாடல்களில் புதுப்புனல் வரவு விழா. பக்தி மரபில் அருளும் இன்பமும் வெள்ளம். ஊத்துக்கோட்டைக்காரர் 'வெள்ளம்' என்று கேட்கும்போது இந்நினைவு உதவுவதில்லை.

ஈ, தா, கொடு

இரத்தற்குரிய சொற்களாக ஈ, தா, கொடு என்னும் மூன்றைத் தொல்காப்பியர் எச்சவியலில் கூறி, இழிந்தோன், ஒப்போன், உயர்ந்தோன் என்னும் முறையே அவற்றை வரையறுக்கிறார். கேட்கப்படும் பொருள் ஒன்றே. கேட்பவர் தம்மை எங்கு நிறுத்துகிறார் என்பதே சொல்லைத் தீர்மானிக்கிறது. 1983ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, ஆவியாதல் இழப்பு நீங்கலாக ஆண்டுக்கு 12 டி.எம்.சி. கிருஷ்ணா நீர் சென்னையின் குடிநீருக்காகத் தமிழக எல்லையில் சேரவேண்டும். 1996இல் முதன்முதலாக வந்த அந்நீர் எல்லையைக் கடக்கும் இடமும் ஊத்துக்கோட்டையின் அருகில்தான். இத்திட்டம் ஆந்திரத்தில் 'தெலுகு கங்கா'. தமிழில் 'கிருஷ்ணா நீர்'. முன்னதில் கொடுப்பவரின் மொழியும் கங்கையின் புனிதமும் உள்ளன. பின்னதில் நீர் புறப்பட்ட ஆறு மட்டும். ஒப்பந்தம் 'தா' என்னும் நிலையில் எழுதப்பட்டது. கோடைச் செய்திகளில் அது 'வேண்டுகோள்', 'கருணை' என்று 'ஈ' நிலைக்கு இறங்கிவிடுகிறது. அப்போது 'தண்ணீர் திறப்பு' மகிழ்ச்சிச் செய்தி. நவம்பரில் அதே 'திறப்பு' அச்சம். அகராதியில் இவ்விரண்டுக்கும் ஒரே பொருள்தான்.

அணியற்ற எளிய சொல்லே அறமுடையது எனவும் கொள்ளலாகாது. '1,000 கன அடி' என்பதில் உருவகம் இல்லை. ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 28,300 லிட்டர் என்னும் துல்லியம் உண்டு. ஆயினும் கரையில் இருப்பவர்க்கு அது எதனையும் காட்டுவதில்லை. 'முழங்காலளவு', 'இடுப்பளவு' என்பன உடலைக் கொண்டு அளந்த சொற்கள். குழந்தையைத் தூக்கிக்கொள்ள வேண்டுமா, வீட்டை விட்டு இறங்க வேண்டுமா என்பதை அவையே தெரிவிக்கின்றன.

புறநானூற்றில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் நீர்நிலை அமைக்க வேண்டுகிறார். நீரைத் தேக்கியவரே தம் பெயரையும் நிலைக்கச் செய்தவர் என்னும் கருத்தை ஒரே வினைச்சொல்லை இருமுறை ஆண்டு உணர்த்துகிறார். தேக்கியவர்க்கு அப்பாட்டில் வினைமுதல் உண்டு. திறப்பவர்க்கு இன்றும் இல்லை. 'இன்ன பொறியாளர் இன்று இரவு இத்தனை மணிக்குப் பிச்சாட்டூர் மதகைத் திறக்கிறார். திறவாவிடில் அணைக்கு இடர். விடிவதற்குள் உங்கள் தெருவில் முழங்காலளவு நீர் நிற்கலாம்' என்று தமிழிலும் தெலுங்கிலும் ஓர் அறிவிப்பு அமையுமாயின், அதில் அணியாகத் தோன்றும் சொல் ஒன்றுமில்லை. ஊத்துக்கோட்டையில் அதனைக் கேட்பவர் பாயைச் சுருட்டத் தொடங்குவார். மறுநாள் எவரிடம் சென்று கேட்பது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.