ஐந்தாவது கூறு: மருந்தாய்வும் மறுக்கும் உரிமையும்

மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து துணைசெய்வோன் என நான்கு கூறுகளாக வகுத்தார் வள்ளுவர். இப்பகுப்பில் மருத்துவச் செயல் முழுவதும் நோயுற்ற ஒருவரையே மையமாகக் கொண்டுள்ளது. இன்றைய மருந்தாய்வோ இந்நான்கினோடு ஐந்தாவது கூறொன்றைச் சேர்த்துவிடுகின்றது. முகமறியாத வருங்கால நோயாளியே அக்கூறு. இன்று ஒருவரது உடலில் ஒரு மருந்து சோதிக்கப்படுவது, நாளை பலருக்கு அது பயன்படுமா என அறியும்பொருட்டாகும். அவ்வாறாயின், தம் நோய் தீர வேண்டி நிற்கும் ஒருவரிடம், பிறர் நலத்துக்காக உடலைத் தருமாறு கேட்பது எப்போது அறமாகும்?

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில், கடும் தொய்வு நோயுடன் வாழும் விவசாயி ஒருவரை உதாரணமாகக் கொள்ளலாம். இந்நோயில் சுவாசக் குழாய்கள் வீங்கிச் சுருங்கிச் சளியால் அடைபடுகின்றன. உள்ளே சென்ற காற்றை வெளிவிடுவதே பெரும்பாடாகின்றது. தொய்வுடையோர் பலருக்கு இன்ஹேலர் மூலம் உட்கொள்ளும் ஸ்டீரொய்ட் மருந்து போதுமானது. கடும் தொய்வு அத்தகையதன்று. உயர்ந்த அளவு மருந்தை முறையாக எடுத்தபின்னரும் அது அடங்காது நிற்கக்கூடும். சூடடிக்கும் காலத்துத் தூசியும் வைக்கோல் எரியும் புகையும் அவருக்குப் பகையாகின்றன. பிழைப்பைத் தரும் வயலே மூச்சையும் பறிக்கின்றது. முட்டு வந்த இரவுகளில் படுக்க இயலாது குந்தியிருந்தே விடியலைக் காண்கிறார். 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, அவ்வழியே மட்டக்களப்பு நகர வைத்தியசாலையை அடைய வாவியைப் பாதையில் கடக்கவேண்டியிருந்தது. இத்தகையவரிடம் புதிய மருந்தொன்றின் ஆய்வில் சேர்வீரா என வினவினால், அவர் கூறும் ‘ஓம்’ எத்தகையது?

தன்னுடலை ஆய்வுக்களிப்பது உயர்ந்த செயலாதல் கூடும் என்பதற்குத் தொய்வு நோயின் வரலாற்றிலேயே சான்றுண்டு. பிரித்தானிய வைத்தியரான றொஜர் அல்ற்றூனியன் தாமும் தொய்வு நோயாளியே. கினிப்பன்றி உரோமத்தின் சாரத்தை உட்சுவாசித்துத் தமக்குத் தாமே முட்டை வருவித்து, எந்தச் சேர்மம் அதனைத் தடுக்கின்றது எனப் பல ஆண்டுகள் சோதித்தார். அம்முயற்சியின் பயனாகக் குரோமோகிளைக்கேற்று என்னும் மருந்து 1968இல் விற்பனைக்கு வந்தது. ஆயின், அவர் ஆய்வின் நோக்கத்தையும் ஆபத்தையும் அறிந்தவர். விரும்பிய கணத்தில் நிறுத்தக்கூடியவர். கேட்டவரும் கொடுத்தவரும் அங்கு ஒருவரே.

கேட்பவர் வேறாகவும் கொடுப்பவர் வேறாகவும் அமையும்போதே அறச்சிக்கல் தோன்றுகின்றது. 2001ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த தொய்வு ஆய்வொன்றில், ஹெக்சாமெதோனியம் என்னும் மருந்தை உட்சுவாசித்த 24 வயதுப் பெண்ணொருவர் இறந்தார். அவர் நோயாளியல்லர், உடல்நலமுடைய தொண்டர். அம்மருந்து நுரையீரலைத் தாக்கக்கூடும் என 1950களில் வெளிவந்த அறிக்கைகள் கவனிக்கப்படாமை பின்னர் தெரியவந்தது. அவர் ஒப்பமிட்ட தாள் இருந்தது. அவர் அறிந்திருக்கவேண்டியது அதில் இருக்கவில்லை. ஒப்பம் வேறு, ஒப்புதல் வேறு என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுவதில்லை.

படுவான்கரை விவசாயியின் நிலையில் மேலும் இரு தடைகள் உள. முதலாவது, சிகிச்சைக்கும் ஆய்வுக்குமுள்ள வேறுபாடு. வைத்தியர் தருவது யாவும் தம் நலத்துக்கே என அவர் நம்புகிறார். ஆய்விலோ வழமையான மருந்துடன் ஒரு சாராருக்குப் புதிய மருந்தும், மறு சாராருக்கு மருந்துப்பொருள் எதுவுமற்ற போலி மருந்தும் வழங்கப்படலாம். யாருக்கு எது என்பதை வைத்தியரும் அறியாதிருக்கலாம். இரண்டாவது, மறுத்தால் அடுத்த முறை முட்டு வரும்போது தம்மை எவ்வாறு கவனிப்பார்களோ என்னும் அச்சம். அவ்வச்சம் ஆதாரமற்றதாயினும், அது மனத்தில் உள்ளவரை அவரது ‘ஓம்’ முழுமையானதன்று.

இதனால், துன்புறுவோரிடம் கேட்பதே தவறு எனச் சிலர் வாதிடலாம். அது பொருந்தாது. மூச்சு முட்டுவதால் ஒருவரது அறிவு அழிந்துவிடுவதில்லை. வானத்தையும் கடனையும் எடைபோட்டு விதைக்கத் துணிபவருக்கு, தம் உடலைக் குறித்து எடைபோடும் ஆற்றலும் உண்டு. அவரைக் கேளாது ஒதுக்குவது இரக்கத்தின் வடிவில் வரும் அவமதிப்பேயாகும். அன்றியும், ஆய்வுகள் செல்வந்த நாடுகளிலேயே நிகழுமாயின், வாவிக்கரை மக்களின் உடலிலும் சூழலிலும் ஒரு மருந்து எவ்வாறு தொழிற்படும் என்பது அறியப்படாமலே போகும்.

ஆகவே கேட்கலாம், கேட்கும் முறையிலேயே அறம் தங்கியுள்ளது. முட்டு வந்து திணறும் வேளையிலன்றி, மூச்சு அமைதியுற்ற நாளில் கேட்கவேண்டும். அவரது மொழியில், ஆபத்தை மறைக்காது கூறவேண்டும். வள்ளுவர் நான்காவதாகக் கூறிய துணைவரும் அதனைக் கேட்டிருத்தல் நன்று. இரவில் விழித்திருப்பவர் அவரே. வீடு சென்று சிந்தித்து வர அவகாசம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘இல்லை’ என்பது ‘ஓம்’ என்பதைப் போன்றே எளிதாக இருக்கவேண்டும். மறுக்க இயலாதவரின் சம்மதம் கொடையன்று, அது பறிக்கப்பட்டது.

கொடைக்குக் கைம்மாறும் உண்டு. 1964இல் உலக மருத்துவச் சங்கம் வெளியிட்ட ஹெல்சிங்கிப் பிரகடனம் பின்னர் பலமுறை திருத்தப்பட்டு, ஆய்வு முடிந்தபின் பங்கேற்றோருக்குப் பயனுள்ள மருந்து கிடைப்பதற்கான ஏற்பாட்டையும் வலியுறுத்துகின்றது. 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒமலிசுமாப் போன்ற ஊசி மருந்துகள் கடும் தொய்வுடைய சிலருக்குப் பெரும்பயன் அளித்துள்ளன. அவற்றின் விலையோ ஏழைக் குடும்பத்துக்கு எட்டாதது. தம் மூச்சைப் பணயம்வைத்து ஒரு மருந்தை நிறுவ உதவியவர், அம்மருந்தைத் தூரநின்று பார்க்க நேருமாயின், ஐந்தாவது கூறுக்காக முதலாவது கூறு பலியிடப்பட்டதாகவே பொருள்படும். வருங்கால நோயாளிக்கு முகமில்லை. எதிரே அமர்ந்திருப்பவருக்கு உண்டு. அம்முகத்தை மறவாத ஆய்வே மருத்துவம் எனப்படும் தகுதியுடையது.