காட்டுவாரும் காண்பாரும்

மனிதனாய்ப் பிறந்தவன் கண்மூடுமுன் அவசியம் பார்த்துவிட வேண்டிய உலகத் திரைப்படங்கள் இவையிவை என்று அறிஞர்கள் அட்டவணை வகுப்பது இக்காலத்து வழக்கமாகிவிட்டது. லண்டனிலிருந்து வெளிவரும் 'சைட் அண்ட் சவுண்ட்' என்னும் சஞ்சிகை, 1952-ஆம் ஆண்டு தொடங்கிப் பத்தாண்டுக்கு ஒருமுறை விமரிசகர்களின் வாக்கைத் திரட்டி வெளியிட்டுவரும் பட்டியல் அவற்றுள் பெருமதிப்புப் பெற்றது. இன்ன தலத்தை மிதித்தால் முக்தி, இன்ன தீர்த்தத்தில் மூழ்கினால் பாவநாசம் என்று புராணங்கள் விதித்ததைக் கேட்டு வளர்ந்த நமக்கு, 'பார்த்தே ஆக வேண்டும்' என்னும் இந்தப் புதிய விதி அப்படியொன்றும் விநோதமாகத் தோன்றுவதில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. தலயாத்திரைக்கு விதி செய்தவர்கள் அதற்குப் பலனும் சேர்த்துச் சொன்னார்கள். படங்களுக்கு விதி செய்கிறவர்களோ பலனைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஒன்றைக் காண்பதனால் காண்கிற ஆன்மாவுக்கு நேர்வது என்ன என்று விசாரித்த பின்னரே, எதைக் காண்பது அவசியம் என்று சொல்ல ஒருவருக்கு அதிகாரம் பிறக்கும்.

இந்த விசாரணையைத் தொடங்குவதற்கு ஈஜோக்கைப் போல் தகுந்த இடம் வேறில்லை என்பது என் எண்ணம். கோலாலம்பூரிலிருந்து கோலசிலாங்கூருக்குப் போகும் பழைய சாலையில் உள்ள இச்சிற்றூரையும் இதன் வடக்கே விரிந்து கிடக்கும் தோட்டங்களையும், இன்று செம்பனை நிற்கும் நிலங்களில் கித்தா என்னும் ரப்பர் மரம் நின்ற காலத்தில், தமிழகத்திலிருந்து கங்காணிகள் திரட்டிக் கொணர்ந்த மக்கள் தங்கள் உடலுழைப்பால் உண்டாக்கினார்கள். விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, பால்மரம் வெட்டி, லயத்து வீட்டில் முடங்கிய அவர்களுக்கு வெளியுலகம் வந்துசேர்ந்த வாசல்களுள் ஒன்று, திருவிழா இரவில் திடலில் கம்பம் நட்டுக் கட்டிய வெள்ளைத்துணியாகும். ஏ. பி. நாகராஜன் 1965-இல் எடுத்த 'திருவிளையாடல்' போன்ற படங்களில் சிவபெருமான் தோன்றியதும் பாயில் அமர்ந்திருந்த கிழவிகள் கைகூப்பினார்கள். 1975-இல் 'ஜெய் சந்தோஷி மா' வெளியானபோது வடநாட்டுக் கொட்டகைகளில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் திரைக்குப் பூத்தூவியவர்களும் இவர்களைப் போன்றவர்களே. படித்தவர்கள் இதைப் பேதைமை என்று நகைத்தார்கள். எனினும், காட்சி என்பது கண்ணோடு நின்றுவிடுவதன்று, காண்பவரை அது ஏதோ செய்கிறது என்ற உணர்வு அக்கிழவிகளுக்கு இருந்தது. பட்டியலிடுகிறவர்களிடம் நான் தேடிக் காணாதது இந்த உணர்வையே.

வேதாந்தி இதற்கு உடன்படமாட்டான். திருவண்ணாமலையில் ரமண மகரிஷி தம்மை நாடி வந்தவர்களுக்கு ஆத்மவிசாரத்தை விளக்கும்போது சினிமாத் திரையையே உவமையாக எடுத்தாண்டார். படத்தில் வெள்ளம் புரண்டாலும் திரை நனைவதில்லை, தீப்பற்றினாலும் அது எரிவதில்லை; ஆன்மா திரையாகவும் பிரபஞ்சம் அதன்மேல் ஓடும் நிழலாகவும் இருக்கின்றன என்பது அவர் உபதேசம். இதன்படி பார்த்தால், திரையை அறிந்தவனுக்கு எந்தப் படமும் அவசியமில்லை. அறியாதவனுக்கோ உலகத்துப் படங்கள் அனைத்தும் சேர்ந்தாலும் போதா. இந்த முடிவின் கம்பீரத்தை வணங்குகிறேன். ஆனால் அதை ஏற்க என்னால் இயலவில்லை. பசித்த பிள்ளையின் அழுகையைத் திரையில் கண்டு நம் நெஞ்சு நனைகிறதே, அந்த நனைவைப் பொய்யென்று ஒதுக்குவதற்கு எனக்குத் துணிவு வரவில்லை.

சைவ சித்தாந்தம் வேறு வழியில் செல்கிறது. அதன்படி உலகம் பொய்யன்று. ஆணவமாகிய இருளில் கிடக்கும் உயிருக்கு, விடியும்வரை உதவும் விளக்காக, மாயையினின்று உடலும் கருவிகளும் உலகும் நுகர்பொருளும் ஆக்கித் தரப்பட்டிருக்கின்றன. புறத்திருள் பொருள்களை மறைத்தாலும் தன்னையேனும் காட்டி நிற்கும். ஆணவ இருளோ பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைத்துக்கொள்ளும் என்று உமாபதி சிவம் திருவருட்பயனில் நுட்பமாகப் பிரித்துரைக்கிறார். கண்ணுக்கு உயிர் காட்டிக் கூடவே நின்று காண்பதுபோல, உயிருக்கு இறைவன் காட்டியும் கண்டும் உதவுகிறான் என்பது மெய்கண்டார் சிவஞானபோதத்துப் பதினோராம் சூத்திரத்தில் உணர்த்தும் உண்மை. இவற்றோடு, எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாவதே உயிரின் இயல்பு என்னும் கொள்கையையும் சேர்த்து நோக்கினால் நம் கேள்விக்கு விடை கிடைக்கிறது. காண்பவன் கண்டதன் வண்ணமாகிறான். ஆதலால் எதைக் காண்பது என்பது ருசியைப் பொறுத்த விஷயம் மாத்திரமன்று, ஆன்மாவின் கதியைப் பொறுத்த விஷயமுமாகும். தன்னை மறைத்துக்கொண்டிருக்கும் 'நான்' என்னும் இருளைக் கணநேரமேனும் விலக்கிப் பிறிதோர் உயிரைக் காட்டுகிற படமே அவசியம் காணத்தக்கது.

இதற்கோர் உதாரணம்: 'சைட் அண்ட் சவுண்ட்' சஞ்சிகையின் 1952-ஆம் ஆண்டுப் பட்டியலில் முதலிடம் பெற்றது, இத்தாலியில் விட்டோரியோ டி சிகா 1948-இல் எடுத்த 'சைக்கிள் திருடர்கள்'. சுவரொட்டி ஒட்டும் வேலைக்கு இன்றியமையாத சைக்கிளைப் பறிகொடுத்த ஓர் ஏழை, மகனைக் கையில் பிடித்துக்கொண்டு ரோமாபுரி முழுவதும் தேடி அலைந்து, கடைசியில் தானே ஒரு சைக்கிளைத் திருடத் துணிந்து, மகன் கண்ணெதிரே பிடிபடுகிறான். படம் தொடங்கும்போது திருடனைச் சபித்த நாம், முடியும்போது அதே சாபத்தைச் சொல்ல நாவெழாமல் தவிக்கிறோம். நான் நேர்மையானவன், அவன் திருடன் என்று நாம் போட்டுவைத்திருந்த கோடு அழிந்துபோகிறது.

ஜப்பானில் யசுஜிரோ ஓசு 1953-இல் எடுத்த 'டோக்கியோ கதை'யில் வயோதிகத் தம்பதியர் இருவர் நகரத்துப் பிள்ளைகளைக் காணச் செல்கிறார்கள். பிள்ளைகள் கெட்டவர்களல்லர், அவரவர் பிழைப்பில் மூழ்கியவர்கள். போரில் மாண்ட மகனின் மனைவி ஒருத்தி மட்டுமே அவர்களுக்காகத் தன் பொழுதை மனமுவந்து தருகிறாள். ஊர் திரும்பியபின் தாய் இறக்கிறாள். தோட்டம் துண்டாடப்பட்ட பின் பிள்ளைகள் கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் குடிபெயர, ஈஜோக் பக்கத்தில் தனித்திருக்கும் பெற்றோர்களுக்கு இக்கதையை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இப்படத்தில் தெய்வம் பிரத்தியட்சமாவதில்லை, அற்புதம் எதுவும் நிகழ்வதில்லை. ஆயினும், கடவுள் வேஷத்தைக் கண்டு கைகூப்பிய அந்தக் கிழவிகளுக்குக் கிடைத்ததினும் குறைந்த தரிசனம் இங்கே கிடைக்கிறது என்று நான் சொல்லமாட்டேன்.

இனி, தரிசனத்துக்கு மற்றொரு பாதி உண்டு. சந்நிதியில் நிற்பவன் தெய்வத்தைக் காண்பதோடு, தெய்வத்தின் பார்வை தன்மேல் விழ வேண்டும் என்றும் ஏங்குகிறான். மாரியம்மன் கண் திறந்து பார்க்க மாட்டாளா என்பதுதான் நம் தாய்மார்களின் பிரார்த்தனை. தோட்டத் தமிழன் தலைமுறை தலைமுறையாகத் திரையைப் பார்த்தான். திரை அவனைப் பார்த்ததோ மிகவும் அரிது. எழுத்திலும் இதே கதைதான். ஈஜோக்குக்குச் சற்று வடக்கே, பெஸ்தாரி ஜெயா வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில், மலேசிய நாட்டின் முதல் வணிகச் செம்பனைச் சாகுபடியை 1917-இல் தொடங்கிய ஆன்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர், தம் அனுபவத்தை நாவலாக்கி, 1930-இல் பாரிஸில் கொன்கூர் பரிசு பெற்றார். அந்நாவலில் தமிழர்கள் வருகிறார்கள். ஆனால் துரையின் கண் கண்ட அளவே வருகிறார்கள்.

தீபக் குமரன் மேனனின் 'செம்மண் சாலை' என்னும் படம் 2005-இல்தான் வந்தது. அறுபதுகளின் ரப்பர் தோட்டத்தில் பல்கலைக்கழகக் கல்வியைக் கனவு காணும் ஒரு பெண்ணின் கதை அது. தோட்டம் கைவிட்ட மக்கள் புறம்போக்குக் குடியிருப்புகளில் ஒதுங்கியபோது அவர்களுடைய பிள்ளைகளுக்கு நேர்ந்ததை, அப்போய் என்னும் சிறுவனை வைத்துச் சொல்லும் சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015-இல் வந்தது. மலாய் மொழியல்லாத படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்குவது முறையா என்ற சர்ச்சை எழுந்து அடங்கிய 2016-ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் அதுவே சிறந்த மலேசியப் படமாகத் தேர்வுற்றது. பரிசு பெரிதன்று; நம் துக்கமும் காணத்தக்கது என்று பிறர் ஒப்பியதே பெரிது.

'சைட் அண்ட் சவுண்ட்' சஞ்சிகையின் 2022-ஆம் ஆண்டுப் பட்டியல் இதே நியாயத்தை உலகளவில் ஒப்புக்கொண்டது. அதில் முதலிடம் பெற்றது ஷாந்தால் அக்கர்மன் 1975-இல் எடுத்த 'ஜான் தீல்மன்'. பிரஸ்ஸல்ஸ் நகரத்து விதவை ஒருத்தி சமைப்பதையும் துலக்குவதையும் உருளைக்கிழங்கு உரிப்பதையும் மூன்று மணி நேரத்துக்கு மேல் அப்படம் பொறுமையுடன் காட்டி, அந்த ஒழுங்கு குலையும்போது வெடிக்கும் கொடுமையையும் காட்டுகிறது. இருளில் எழுந்து உலை வைத்து, குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் பெரட்டுக்கு ஓடிய நம் பாட்டிமார்களின் காலைப்பொழுதும் இவ்வாறு காணத்தக்கதே என்பதை எழுபது ஆண்டுகளில் உலகத்து ரசிகர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

ஒன்றை மறக்கலாகாது. நூறு படம் பார்த்தேன் என்று கணக்கிட்டுப் பெருமை கொள்பவனிடத்தில், ஆணவத்தைக் கரைக்க வந்த சாதனமே ஆணவத்துக்கு உணவாகிவிடுகிறது. காசிக்குப் போய்வந்ததைச் சொல்லி அண்டை வீட்டானை இகழ்பவனுக்கும் இவனுக்கும் பேதமில்லை. ஆதலால் பட்டியல் நீளமாக இருக்க வேண்டும் என்பதில்லை. நம் ஆலய நிர்வாகங்கள் திருவிழா இரவில் வழக்கமான பக்திப் படத்தைப் போட்டபின், மறுநாள் இரவில் 'டோக்கியோ கதை'யையோ 'ஜகாட்'டையோ போட்டு, மொழி புரியாத இடங்களில் ஒரு தமிழாசிரியர் எடுத்துச் சொல்ல ஏற்பாடு செய்யலாம். இதனால் சமயத்துக்கு இழுக்கு நேர்ந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. உயிர் தானாகக் காண வல்லதன்று, காட்டுவார் வேண்டும் என்பதுதான் நம் சமயம் அடிப்படையாகக் கொண்ட சித்தாந்தம். அந்தக் காட்டும் பணியில் ஒரு சிறு பங்கை ஏற்பது கோவிலின் கடமைக்கு உட்பட்டதே.