மாற்றல் ஆணை

இந்தூரில் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையின் தலைமை மேலாளர், மதுபான ஒப்பந்ததாரர்களின் கணக்குகளில் கண்ட முறைகேடுகளை மேலிடத்துக்கு எழுதினார். மண்டல மேலாளர் பாலியல் தொல்லை தந்ததாகவும் புகார் சொன்னார். 2017 டிசம்பரில் அவரை ஜபல்பூர் பக்கத்துக் கிளை ஒன்றுக்கு மாற்றினார்கள். அது முதல் நிலை அதிகாரி பார்க்க வேண்டிய இடம். இவரோ அதைவிட உயர்ந்த நான்காம் நிலை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அவர் பழிவாங்கப்பட்டார் என்று 2020 பிப்ரவரியில் தெளிவாகச் சொன்ன நீதிமன்றம், இந்தூரிலேயே பணி தரவும் 50,000 ரூபாய் வழக்குச் செலவு கொடுக்கவும் உத்தரவிட்டது. அவருடைய பாலியல் தொல்லைப் புகாரை விசாரித்த புகார்க் குழுவில் வெளி உறுப்பினராக உட்கார்ந்தவர் அந்த வங்கிக்கே வழக்காடும் வழக்கறிஞர் என்பதும் தீர்ப்பில் இருக்கிறது.

வங்கி அதிகாரிக்காவது கையில் ஒரு மாற்றல் ஆணை இருந்தது. ஆயத்த ஆடை ஆலையில் மெஷின் முன்னால் உட்காரும் பெண்ணுக்கு அதுவும் கிடைக்காது. புகார் கொடுத்தால் ஓவர்டைம் நிற்கும், எட்ட முடியாத டார்கெட் வரும், சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து இடம் காலியாகும். எதைக் காட்டி வழக்குப் போடுவது?

பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் விசாரணைக் காலத்துக்குச் சில காப்புகளைத் தருகிறது. புகார் கொடுத்த பெண் எழுதிக் கேட்டால் புகார்க் குழுவின் பரிந்துரையில் மூன்று மாதம் வரை விடுப்பு உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணின் பணி மதிப்பீட்டை எழுதக் கூடாது என்று தடுக்கலாம். ஆனால் பழிவாங்குபவர்களுக்குப் பொறுமை அதிகம். விசாரணைக் கோப்பை மூடும்வரை காத்திருந்து, அடுத்த ஆண்டுப் பதவி உயர்வில் கை வைப்பார்கள்.

நிர்வாகங்கள் ஒரு கேள்வி கேட்கின்றன: புகார் கொடுத்தவர் என்பதாலேயே ஒருவரை மாற்றவே கூடாதா, வேலையில் குறை இருந்தால் சொல்லவே கூடாதா? கேள்வியில் நியாயம் இருக்கிறது. வேலை சரியில்லாதவர் புகாரைக் கேடயமாகப் பிடிப்பதும் நடக்கக்கூடியதே. ஆனால் வருகைப் பதிவு, மதிப்பீடு, மாற்றல் கோப்பு எல்லாம் நிர்வாகத்தின் அலமாரியில்தான் இருக்கின்றன. அந்தக் குறை புகாருக்கு முன்பே ஏதாவது ஒரு தாளில் ஏறியிருக்க வேண்டும். நேற்றுவரை நல்ல பெயர் வாங்கியவர் புகாருக்கு மறுமாதமே திறமையற்றவர் ஆகிறார் என்றால், காரணம் காட்ட வேண்டியது நிர்வாகம். கெட்ட எண்ணத்தை நிரூபி என்று அந்தப் பெண்ணிடம் கேட்பது அநியாயம். இன்னொருவர் மனத்துக்குள் இருப்பதற்கு அவர் எங்கே சாட்சி தேடுவார்?

உடன் வேலை செய்பவர்களின் பங்கையும் லேசாக விட முடியாது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் வீட்டுக் கடனும் உள்ளவர்கள் பயப்படுவது புரிகிறது. எல்லோரும் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும் என்று கேட்க முடியாது. ஆனால் புகார் கொடுத்தவர் பெயரை வாட்ஸப் குழுவிலிருந்து எடுப்பதும், கூட்டம் நடக்கும் நேரத்தை அவருக்கு மட்டும் சொல்லாமல் விடுவதும் மேலதிகாரியின் கை செய்யும் வேலையல்ல. புகார்க் குழுக்கள் உண்மையாகவே காக்க நினைத்தால், தீர்ப்புச் சொன்னதோடு எழுந்து போகக் கூடாது. புகார் கொடுத்தவர், சாட்சி சொன்னவர் இருவரின் மாற்றல், மதிப்பீடு, பதவி உயர்வு ஒவ்வொன்றும் இரண்டு ஆண்டுகளுக்காவது அந்தக் குழுவின் மேசைக்கு வந்த பிறகே கையெழுத்தாக வேண்டும்.