சயாமுக்குப் போனவர்களின் பிள்ளைகள்

1942, 1943 ஆண்டுகளில் ஜப்பானிய இராணுவம் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்களைச் சயாம்–பர்மா ரயில்பாதை போடுவதற்காகச் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, கொண்டுபோனது. சில பிள்ளைகள் பெற்றோருடன் ரயிலேறினார்கள். மற்றவர்கள் லயத்தில் விடப்பட்டார்கள். சிம்பாங் ரெங்கம் போன்ற ஊர்களைச் சுற்றித் தோட்டங்கள் நிறைந்திருந்த ஜொகூரும் இதிலிருந்து தப்பவில்லை.

ரப்பர் ஏற்றுமதி நின்று, துரைமார் ஓடிவிட்ட தோட்டங்களில் அரிசியும் இல்லை, சம்பளமும் இல்லை. நாளுக்கு ஒரு வெள்ளி கூலி என்ற ஆசைவார்த்தைக்குச் சிலர் இணங்கினார்கள். பலரை வலுவில் பிடித்தார்கள். சரக்கு ரயில்களில் சயாமின் பான் போங் வரை போய், அங்கிருந்து காட்டுக்குள் நடந்தார்கள். பர்மாவின் தன்பியுசயாட் வரையிலான 415 கிலோமீட்டர் ரயில்பாதை 1943 அக்டோபர் 17 அன்று இணைந்தது. அந்த மழைக்காலத்தில் காலரா முகாம் முகாமாக ஆட்களை வாரிக்கொண்டு போனது. மாண்ட ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 90,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். அது மதிப்பீடுதான், ஏனென்றால் யாரும் பெயர் எழுதி வைக்கவில்லை. சயாமின் காஞ்சனபுரியிலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்திலோ, அதே பாதையில் மாண்ட 6,982 போர்க்கைதிகள் அடக்கமாகியிருக்கிறார்கள்.

பிள்ளைகளின் அடையாளம் போனது இந்த எழுதாமையால்தான். நாஜிகள் போலந்துப் பிள்ளைகளைப் பறித்து ஜெர்மானியப் பெயர் சூட்டியது திட்டமிட்ட கொடுமை; அதற்கு ஆவணங்கள் இருந்ததால், போருக்குப் பின் சிலரையாவது தேடிப்பிடிக்க முடிந்தது. தோட்டத்துப் பிள்ளைக்கு அதுவும் இல்லை. மூன்று வயதுக் குழந்தைக்கு அப்பா வெறும் அப்பா. தமிழ்நாட்டில் எந்த ஊர், யார் சித்தப்பா, யார் அத்தை என்பதெல்லாம் தகப்பனோடு போய்விட்டது. தாயும் இறந்திருந்தால், பக்கத்து வீட்டார் எடுத்து வளர்த்த பிள்ளைக்குத் தகப்பன் பெயராக வளர்த்தவர் பெயரைத்தான் எழுத முடியும்.

அடுத்த அடி தாளில் விழுந்தது. 1948இல் 12 வயதைக் கடந்தவர்களுக்கு அடையாளக் கார்டு வந்தது. மலாயா சுதந்திரம் பெற்ற 1957 ஆகஸ்ட் 31 முதல் நாட்டில் பிறந்தவர்களுக்குக் கிடைத்த குடியுரிமை, போர்க்காலத்தில் பிறந்தவர்களுக்குத் தானாக வரவில்லை. விண்ணப்பிக்க வேண்டியிருந்தது, சான்று காட்ட வேண்டியிருந்தது. பிறப்புப் பத்திரமில்லாத தோட்டத் தமிழர் பலர் குடியுரிமையில்லாத நிரந்தரவாசிக்கான சிவப்பு அட்டையோடு முதுமையை எட்டினார்கள். சாட்சி சொல்ல வேண்டியவர்கள் சயாம் காட்டில் செத்திருக்க, அவர்கள் பெற்ற பிள்ளையிடம் பத்திரம் கேட்டது அநியாயம்.

2023இல் காஞ்சனபுரியில் தமிழர்களுக்கு நடுகல் எழுந்தது. வேண்டியதுதான். ஆனால் அன்றைய கைக்குழந்தைகளுக்கு இப்போது எண்பது கடந்துவிட்டது. அவர்கள் நினைவிலிருக்கும் தகப்பன் பெயரையும் தோட்டத்தின் பெயரையும், அழைத்துப்போன ஆண்டையும் கேட்டு எழுதிவைக்க இன்னும் சில ஆண்டுகளே இருக்கின்றன.